நியூமார்க்கெட்டில் வரவேண்டிய மைதானம், பெல் வ்யூவில் எழுந்த ஸ்டாண்ட்: வேக்ஃபீல்ட் டிரினிட்டி பற்றிப் பேசலாம்

டான்காஸ்டர்ரோடு
இந்த இழையைத் தொடங்க ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். யார்க்‌ஷயருக்கு வேலைக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை வேக்ஃபீல்ட் டிரினிட்டி என்ற ரக்பி கிளப்பின் மைதானமான பெல் வ்யூவுக்குக் கூட்டிப்போனார். சாண்டல் அண்ட் அக்பிரிக் ஸ்டேஷனில் இறங்கினால் பத்து நிமிட நடை. மேற்குப் பக்கப் படிகளில் நின்றுகொண்டு, "புது மைதானம் வந்துவிடும், அப்புறம் இதெல்லாம் இருக்காது" என்று அவர் ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னார். அந்தப் புது மைதானம் வரவே இல்லை.

நடந்தது இதுதான். 2012 டிசம்பரில், ஊருக்கு வெளியே எம்62 நெடுஞ்சாலையின் 30ஆம் சந்திப்பு அருகே நியூமார்க்கெட் என்ற இடத்தில் 12,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு அனுமதி கிடைத்தது. பொது விசாரணையெல்லாம் முடிந்து, அப்போதைய அமைச்சர் எரிக் பிக்கிள்ஸே ஒப்புதல் கொடுத்தார். நிலம் பசுமை வளையத்தில் இருந்தது. அதாவது சாதாரணமாகக் கட்டடம் கட்ட விடமாட்டார்கள். மக்களுக்கு ஒரு மைதானம் கிடைக்கிறது என்பதும் சேர்ந்துதான் அனுமதிக்கு வழி திறந்தது. இன்று அங்கே போனால் கிடங்கைப் பார்க்கலாம். மைதானத்தைப் பார்க்க முடியாது.

என் கட்சி இது: சின்ன கிளப் ஒன்று தன் மைதானத்தை இன்னொருவரின் கிடங்கு வியாபாரத்தோடு முடிச்சுப் போடவே கூடாது. காலுக்கடியில் இருக்கும் மண்ணை முதலில் தன் பெயரில் எழுதி வாங்க வேண்டும். செங்கல் அப்புறம் வரட்டும்.

புதுவரவு
அண்ணா, அடிப்படையான கேள்வி, மன்னிக்கவும். டிவியில் ஆறு நாடுகள் போட்டி காட்டுவார்களே, அந்த ரக்பிதானா இது? டிரினிட்டி என்பது ஏதாவது காலேஜா?

பதின்மூவர்
மன்னிப்பு எதற்கு தம்பி, எல்லாருக்கும் முதலில் வரும் கேள்விதான். நீங்கள் சொல்வது ரக்பி யூனியன், அதில் பக்கத்துக்கு 15 பேர். இது ரக்பி லீக், 13 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (எதிரணி மடக்கிப் பிடிப்பது) வரை வாய்ப்பு, அதற்குள் டிரை போட வேண்டும், அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். ஆட்டம் நிற்காமல் ஓடும்.

பிரிந்ததற்குக் காரணம் கூலி. வடக்கு இங்கிலாந்தில் ஆடியவர்கள் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டலாம் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன, லண்டனில் இருந்த சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்தார்கள். பிரிந்துபோன அந்த முதல் அணிகளில் வேக்ஃபீல்ட் டிரினிட்டியும் ஒன்று. காலேஜ் இல்லை, 1873இல் ஹோலி டிரினிட்டி சர்ச்சைச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கிய கிளப். 1895இல்தான் பெல் வ்யூவையும் விலைக்கு வாங்கினார்கள். கூலிக்காரர்கள் ஆடும் கிளப்புக்குச் சொந்த நிலம். இதை மனதில் வைத்துக்கொண்டால் டான்காஸ்டர்ரோடு ஏன் இவ்வளவு ஆதங்கப்படுகிறார் என்று புரியும்.

நிலப்பதிவு
திட்ட அனுமதி வேலையில் பல வருடம் இருந்தவள் என்பதால் அந்த முடிச்சைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். நிறைய பேர் "கவுன்சில் ஏமாற்றியது", "பில்டர் ஏமாற்றினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் பெரிய திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, கட்டுபவர் ஊருக்கு என்ன செய்து தருவார் என்று சட்டப்படி எழுதி வாங்குவார்கள். இரண்டு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தமாகவும் இருக்கலாம், கட்டுபவர் மட்டும் தன் பக்கத்திலிருந்து எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமாகவும் இருக்கலாம். நியூமார்க்கெட்டில் இருந்தது இரண்டாவது வகை. அதில் ஒரு நிபந்தனை: அந்த அனுமதியின்படி 60,000 சதுர மீட்டர் வேலைவாய்ப்புக் கட்டடங்கள் எழுந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகே மைதானம் கட்டும் கடமை தொடங்கும்.

பிறகு அதே நிலத்தில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு வந்தது. ஊரே நிமிர்ந்து பார்க்கும் உயரம். கணக்கு ஏறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அது வந்தது தனி விண்ணப்பத்தில், தனி அனுமதியில். பழைய அனுமதியின் கீழ் எழுந்த கட்டடமாக அது கணக்கில் சேரவில்லை. கண்ணெதிரே கட்டடம் நிற்கிறது, பத்திரத்தின்படி அது இல்லை. மேரி க்ரே வேக்ஃபீல்ட் எம்பியாக இருந்தபோது நாடாளுமன்றம் வரை இந்த விவகாரத்தை எடுத்துப்போனார். பத்திரத்தின் வாசகம் மாறவில்லை.

இன்னொன்று. கிடங்கு விரைவாக வந்தால் கட்டுபவருக்கு லாபம். மைதானம் விரைவாக வந்தால் அவருக்குச் செலவு. அப்படியிருக்க மைதானத்தை இழுத்துக்கொண்டு வரும் வேகம் அந்த ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இப்படிப்பட்ட ஏற்பாடு தானாகவே நின்றுபோகும்.

யார்க்வாசி
எனக்கு முழு உடன்பாடு இல்லை. கிடங்கோ கடையோ, வியாபாரக் கட்டடத்தோடு சேர்த்து மைதானம் கட்டுவதே தவறு என்றால் யார்க்கில் எப்படி வந்தது? மாங்க்ஸ் கிராஸில் பெரிய கடைகள் வர அனுமதி கொடுத்து, அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் எங்கள் ஸ்டேடியம் கட்டினார்கள். 8,500 பேர். யார்க் சிட்டி கால்பந்துக் கிளப்பும் யார்க் நைட்ஸ் லீக் கிளப்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே வளாகத்தில் நீச்சல்குளம், நூலகம், மருத்துவமனையின் ஆலோசனை அறைகள் எல்லாம் உண்டு. வாரநாளில் போனால் பாட்டிமார் நீச்சலுக்கு வருகிறார்கள், பிள்ளைகள் புத்தகம் எடுக்கிறார்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் உயிரோடு இருக்கும் இடம்.

தாமதம் ஆனது உண்மை. 2012இல் அனுமதி, 2021இல்தான் திறந்தது. பழைய ஹண்டிங்டன் மைதானம் மூடியபிறகு நைட்ஸ், கால்பந்துக்காரர்களின் பூத்தம் கிரசென்டில் போய் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வந்ததே! உலகக் கோப்பையின் பெண்கள் ஆட்டங்கள் 2022இல் அங்கே நடந்தன. 2026இல் நைட்ஸ், ரக்பி லீக்கின் உச்சப் பிரிவான சூப்பர் லீகிலேயே ஆடுகிறார்கள். அந்த மைதானம் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

டான்காஸ்டர்ரோடு
யார்க்வாசி சொல்வது சரி, என் முதல் பதிவில் கொஞ்சம் அகலமாகவே கோடு போட்டுவிட்டேன். வித்தியாசம் எங்கே என்று யோசித்தால், யார்க்கில் வியாபார வளாகத்திலிருந்து வந்தது பணம். பணம் கவுன்சில் கைக்கு வந்தது, கட்டும் வேலையைக் கவுன்சில் எடுத்துச் செய்தது. வேக்ஃபீல்டில் வரவேண்டியது ஒரு செயல். அந்தச் செயலைச் செய்ய வேண்டியவருக்கு அவசரம் இல்லை. பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம், வாக்கை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

ஆனாலும் ஒன்று. நியூமார்க்கெட் மைதானமே எழுந்திருந்தாலும் அது கிளப்புடையதாக இருந்திருக்காது. ஒரு சமூக அறக்கட்டளையின் கீழ் வருவதாகத்தான் திட்டம். டிரினிட்டி அங்கே வாடகைக்காரர். ரயில் ஸ்டேஷனும் பக்கத்தில் கிடையாது. இப்போது நகரத்திலிருந்து நடந்தே வருகிறார்கள். கால்டர் ஆற்றுப் பாலம், பாலத்தின்மேல் நிற்கும் பழைய சாண்ட்ரி தேவாலயம், அந்தப் பக்கம் ஹெப்வொர்த் கலைக்கூடம், அப்புறம் டான்காஸ்டர் ரோடு நெடுக சிவப்பும் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டைகள். அக்பிரிக்கில் பாகிஸ்தானியக் குடும்பங்களின் கடைகளைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். ஆட்ட நாளில் அந்தத் தெரு முழுக்க வியாபாரம். இதையெல்லாம் நெடுஞ்சாலைச் சந்திப்புக்குக் கொண்டுபோக முடியாது.

சாய்வுப்பாதை
நீங்கள் எல்லாரும் நின்றுகொண்டே பார்ப்பவர்கள். நான் அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிறவள்.

வேறோர் ஊரில், ஒரு பழைய மைதானத்தில் நடந்தது, பெயர் வேண்டாம். நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடம் ஆடுகளத்தின் ஓரத்தில், கூரை இல்லாமல். இரண்டாம் பாதியில் மழை பிடித்தது. அப்பாவின் மடியில் இருந்த கம்பளி நனைந்து கனத்துவிட்டது, பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. கழிப்பறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். இரண்டே படிதான், ஆனால் எங்களுக்கு அது மலை. அங்கிருந்த பையன்கள் நல்லவர்கள், நாற்காலியோடு தூக்கி விட்டார்கள். அப்பா அன்று வீடு வரும்வரை பேசவில்லை. எழுபது வயது மனிதரைத் தூக்கிக்கொண்டு போவது உதவிதான், ஆனால் அவருக்கு அது அவமானம்.

பழைய மைதானத்தின் மண்வாசனை, படிக்கட்டு, பாரம்பரியம் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். புது மைதானம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் வியாபாரிகள் இல்லை.

டான்காஸ்டர்ரோடு
அக்கா, இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. படிகளில் நின்று பார்ப்பதை நான் இன்பமாக எழுதினேன், அங்கே ஏற முடியாதவர்களை நினைக்கவில்லை.

பதின்மூவர்
சாய்வுப்பாதை சொன்னதோடு பாதுகாப்பையும் சேர்க்கிறேன். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு கால்பந்து மைதானத்தில் மர ஸ்டாண்ட் தீப்பற்றி 56 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் சட்டம் கடுமையானது. வடக்கு முழுவதும் லீக் கிளப்புகளின் மர ஸ்டாண்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடியது நியாயம். ஆனால் சரிசெய்யக் காசு இல்லாத கிளப்புகள் நிலத்தை விற்றன. அங்கேதான் பெரிய சரிவு.

ஸ்விண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் ரோடு என்ற அவர்கள் மைதானத்தில் ஒரு காலத்தில் பெரிய இறுதிப் போட்டிகள் நடந்தன. 1992இல் கடனுக்காக விற்றார்கள், வீடுகள் முளைத்தன. அன்றிலிருந்து ஊர் ஊராக வாடகைக்கு ஆடுகிறார்கள், சொந்த மைதானம் என்று ஒன்று இன்னும் அமையவில்லை. ஓல்டம் 1997இல் வாட்டர்ஷெடிங்ஸை விட்டு வெளியேறியது, பிறகு எத்தனை இடம் மாறியது என்று எண்ண ஒரு கை போதாது. ராச்டேல் மைதானம் இருந்த இடத்தில் சூப்பர்மார்க்கெட்.

எனக்கு நெஞ்சில் நிற்பது ஹன்ஸ்லெட். தெற்கு லீட்ஸ் கிளப். 1973இல் பார்க்சைடு மைதானம் கைவிட்டுப் போனது, கிளப்பே கலைக்கப்பட்டது. சிலர் விடாமல் "நியூ ஹன்ஸ்லெட்" என்று மறுபடி தொடங்கி, நாய்ப் பந்தய மைதானத்தில் ஆடினார்கள். வழக்கமான எச் வடிவ கோல் கம்பம் அங்கே இல்லை, அமெரிக்கக் கால்பந்தில் வருவதுபோல ஒற்றைக் காலில் நிற்கும் கம்பம். அந்த மைதானமும் போய், வேறு இடங்களுக்குப் போய், 1995இல்தான் சவுத் லீட்ஸ் ஸ்டேடியத்தில் குடியேறினார்கள். 22 வருடம் ஒரு கிளப் அகதி.

அதனால்தான் சொல்கிறேன், "பழையதை விற்றுப் புதியது கட்டலாம்" என்று யாராவது வந்தால், புதியது எழுந்து விளக்கு எரிந்த பிறகு பழையதை விற்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
பணப் பக்கம் யாரும் தொடவில்லை. சின்ன கிளப் சொந்த மண்ணில் ஆடுவது வருடத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு நாள். மீதி 350 நாள் அந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூரை பராமரிப்பு, விளக்கு, காப்பீடு, புல் இதற்கெல்லாம் விடுமுறை கிடையாது.

லீ ஊரைப் பாருங்கள். கவுன்சிலின் பலத்தில் 2008இல் 12,000 பேர் கொள்ளும் மைதானம் வந்தது. அப்போது கிளப் கீழ்ப்பிரிவில் இருந்தது, "இந்த ஊருக்கு இது எதற்கு" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் மான்செஸ்டர் யுனைடெட்டின் பெண்கள் அணி 2018இலிருந்து அங்கேதான் ஆடுகிறது. வேறு குத்தகைதாரர் இருந்ததால் கட்டடம் தாங்கியது, அப்புறம் ரக்பி கிளப்பும் எழுந்து 2023இல் சூப்பர் லீகுக்குப் போனது.

இன்னொரு பக்கம், மதிப்பெண் முறை. சூப்பர் லீகுக்குக் கிளப்புகளைத் தேர்ந்தெடுக்க ஐஎம்ஜி நிறுவனம் கொண்டுவந்த தரப்படுத்தலில் மொத்தம் 20 புள்ளி, 15 எடுத்தால் ஏ தரம். மைதானத்துக்கு 3 புள்ளி. வசதி, கூட்டம் எவ்வளவு நிரம்புகிறது, பெரிய திரை இருக்கிறதா, ஆடும் இடத்தில் கிளப்புக்கு முதல் உரிமை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 12,000 இருக்கை கட்டி 4,000 பேர் வந்தால் நிரப்பும் கணக்கில் அடி. ஆகவே சின்ன கிளப்புக்கு அளவான மைதானமே நல்லது. பெரிதாகக் கட்டு என்று யாரும் இப்போது சொல்வதில்லை.

நிலப்பதிவு
வொர்க்கிங்டனையும் இங்கே பதிந்துவிடுகிறேன், இது வேறு வகை நோய். கம்பர்லாந்துக் கடலோரத்தில் சின்ன ஊர். டெர்வென்ட் பார்க் என்ற மைதானத்தில் 2013 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து டோங்காவை 26-24 என்று வென்றது, ஊரே அதைப் பெருமையாகச் சொல்லும். 2021 உலகக் கோப்பைக்காக (அது 2022க்குத் தள்ளிப்போனது) 8,000 பேர் கொள்ளும் புது மைதானம், ரக்பிக்கும் கால்பந்துக்கும் பொதுவாக, கவுன்சிலே கட்டுவதாக இருந்தது. 2019 மே மாதத் தேர்தலில் கவுன்சிலில் ஆட்சி மாறியது. செலவு தாங்காது என்று புதியவர்கள் திட்டத்தை நிறுத்தினார்கள். உலகக் கோப்பை ஆட்டங்களும் போயின.

நியூமார்க்கெட்டில் எழுத்து காலை வாரியது, இங்கே தேர்தல். வரிப்பணத்தைக் காப்பாற்றினோம் என்று சொன்னவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் மக்களிடம் வாங்கிய ஆணை. ஆனால் கட்டுமானம் தொடங்காமல் படம் மட்டும் வரைந்து வைத்த திட்டத்துக்கு ஒரு தேர்தல் போதும்.

புதுவரவு
படித்துக்கொண்டே இருக்கிறேன், நன்றி எல்லாருக்கும். ஒன்று கேட்கிறேன். வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் காசில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டன் என்று இன்னும் இரண்டு லீக் கிளப்புகள், மூன்றும் ஒரே கவுன்சில் எல்லைக்குள் என்று படித்தேன். மூன்று கிளப்புக்கும் சேர்த்து ஒரே நல்ல மைதானம் கட்டினால் செலவு மிச்சமாகாதா?

பதின்மூவர்
தம்பி, இந்தக் கேள்வியை அந்த ஊர்களில் கேட்டுவிடாதீர்கள், காயம் இன்னும் ஆறவில்லை. 1995இல் சூப்பர் லீக் உருவானபோது மூன்றையும் இணைத்து "கால்டர்" என்ற பெயரில் ஒரே கிளப் ஆக்கலாம் என்றார்கள். ஃபெதர்ஸ்டன் சுமார் பதினைந்தாயிரம் பேர் வாழும் சுரங்க ஊர், லீக்கின் பெரிய நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையை மூன்று முறை வென்ற ஊர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுச் சில வருடமே ஆன நேரம் அது. மிச்சம் இருந்தது கிளப் ஒன்றுதான். அதையும் கேட்கிறார்களா என்று மக்கள் கொதித்துப்போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

அந்த ஃபெதர்ஸ்டன்தான் பிறகு ஸ்கார்பரோவில் மூடிப்போன கால்பந்து மைதானத்தின் ஸ்டாண்டுகளையும் இருக்கைகளையும் வாங்கிக் கொண்டுவந்து தன் மைதானத்தில் பொருத்திக்கொண்டது. பழைய வீட்டை இடிக்கும்போது நிலையும் சன்னலும் வாங்கி நம் வீட்டில் வைப்போமே, அதேதான். புது மைதானம் என்று படம் வரையாமலே இருக்கை கிடைத்துவிட்டது.

சாய்வுப்பாதை
சரி, கடைசியில் பெல் வ்யூவில் என்னதான் நடந்தது? புது ஸ்டாண்ட் என்று தலைப்பில் போட்டுவிட்டு யாரும் சொல்லவில்லையே.

டான்காஸ்டர்ரோடு
அதைச் சொல்லத்தான் வந்தேன், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

நியூமார்க்கெட் நடக்காது என்று தெளிவானபிறகு கவுன்சில் உதவியோடு, இடையில் கிளப்பின் கைவிட்டுப் போயிருந்த பெல் வ்யூவையே மீட்டுச் சீரமைப்பது என்று முடிவானது. கிழக்குப் பக்கத்துப் பழைய ஸ்டாண்டை இடித்தார்கள். 2023 முழுவதும் அந்தப் பக்கம் கட்டுமானம். அதே வருடம் அணி கடைசி இடத்துக்குப் போய், சூப்பர் லீகிலிருந்தே இறங்கியது. எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆட்டம் கைவிட்டுப்போகும்போது கண் தானாக அந்த இரும்புச் சட்டங்கள் பக்கம் போகும். சென்ற முறை வெறும் தூண், இந்த முறை குறுக்குச் சட்டம், அடுத்த முறை கூரைத் தகடு. தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகும்போது, "கூரை வந்துவிட்டது பார்த்தாயா" என்றுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவார்.

அப்புறம் தொழிலதிபர் மாட் எல்லிஸ் கிளப்பை வாங்கினார். 2024இல் கிழக்கு ஸ்டாண்ட் திறந்தது, நீல் ஃபாக்ஸ் பெயரில். லீக் வரலாற்றிலேயே அதிகமாக 6,220 புள்ளி எடுத்தவர், இந்த ஊர்ப் பிள்ளை. 1968 சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் காயத்தால் அவர் ஆட முடியாமல், அண்ணன் டான் உதைத்த கடைசி உதை கம்பத்துக்கு நேர் எதிரே இருந்தும் தவறி, 11-10 என்று லீட்ஸிடம் தோற்றார்கள். இன்றும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். ஸ்டாண்ட் திறந்த அதே 2024இல் வெம்ப்ளியில் கீழ்ப்பிரிவு அணிகளுக்கான '1895 கோப்பை', பிறகு இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப், ஏ தரம், மறுபடி சூப்பர் லீக். 2025இல் ஆறாவது இடம்.

மைதானம் மொத்தம் பத்தாயிரத்துக்குள்தான் கொள்ளும். ஆனால் நிரம்பி வழிகிறது. அக்கா, கிழக்கு ஸ்டாண்டில் உங்கள் அப்பாவை ஒருநாள் உட்காரவைக்க வேண்டும். கூரை உண்டு.

சாய்வுப்பாதை
கூட்டிவருகிறேன். லிஃப்ட் எந்தப் பக்கம், நாற்காலி இடம் எந்த வரிசையில் என்று முன்பே கிளப்புக்குப் போன் செய்து கேட்டுவிடுகிறேன், பழக்கம்.

யார்க்வாசி
மேற்குப் பக்கம் இன்னும் நின்று பார்க்கும் படிகள்தானே? அதையும் இடித்து இருக்கை போடுவார்களா, விடுவார்களா?

டான்காஸ்டர்ரோடு
நின்று பார்க்கும் இடம் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் சாய்வுப்பாதை எழுதியதைப் படித்தபிறகு, அங்கேயும் கூரைக்குக் கீழே நாற்காலிக்கு ஒரு சமதளம் வேண்டும் என்று சேர்த்தே சொல்வேன்.

நிலப்பதிவு
காசில்ஃபோர்டு நண்பர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. வெல்டன் ரோட்டில் 1920களிலிருந்து ஆடுகிறீர்கள், புது மைதானம் என்று எத்தனையோ படம் பார்த்துவிட்டீர்கள். இப்போது பேசப்படுவது, நெடுஞ்சாலைச் சந்திப்பில் வரும் வணிக வளாகத்திலிருந்து பணம் எடுத்து வெல்டன் ரோட்டையே சீரமைப்பது. திசை சரி. ஆனால் கவுன்சில் கூட்டத்தில் கேட்க வேண்டியது மைதானத்தின் படத்தைப் பற்றி இல்லை. பணம் எந்தக் கட்டத்தில் கைக்கு வரும், எத்தனை சதுர மீட்டர் எழுந்தபிறகு? அதே நிலத்தில் நாளை வேறு விண்ணப்பம் போட்டு வேறு கட்டடம் வந்தால், அதுவும் கணக்கில் சேருமா? வளாகமே நின்றுபோனால் கிளப்புக்கு என்ன மிச்சம்? பத்திரத்தில் இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பொது ஆவணம்தான், கவுன்சிலின் திட்டப் பிரிவு இணையப் பக்கத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் யாரும் இறக்கிப் படிக்கலாம். வாசகம் புரியவில்லை என்றால் இங்கே ஒட்டுங்கள், நான் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.